உள்ளே வருவதை யார் தீர்மானிப்பது: ஆர்ச்சர் சி6 ரூட்டரில் ஓபன் டபிள்யூஆர்டி, ஒன்றரை வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வைஃபை மாடி வரை எட்டுகிறதா, ஆன்டெனா எத்தனை, படம் சுற்றாமல் ஓடுகிறதா என்பதெல்லாம் இந்த ரிவ்யூவில் இருக்காது. ஒரே ஒரு வேலைக்காகத்தான் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 வாங்கி, அதில் இருந்த மென்பொருளை எடுத்துவிட்டு ஓபன் டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட்டேன். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் டிராஃபிக்கில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதை நானே எழுத வேண்டும், எழுதியது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடிய வேண்டும். அந்த வேலையை இது எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தேவை வந்தது என்று சொன்னால்தான் மீதி புரியும். அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார்கள், நான் சென்னையில். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டைச் சுற்றி நாலு கேமராவும் அவற்றின் படத்தைப் பதிவு செய்ய ஒரு டிவிஆரும் போட்டோம். வந்து மாட்டிய தம்பி நல்ல வேலைக்காரர், ஒயரெல்லாம் சுத்தமாக இழுத்துக் கொடுத்தார். கடைசியில் என் போனில் படம் வரவில்லை என்றதும், "சார், டிஎம்இசட் போட்டாத்தான் சார் வெளியூர்லேர்ந்து தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டிக்குள் போய் டிவிஆரின் முகவரியை டிஎம்இசட் கட்டத்தில் போட்டுவிட்டார். மாறாத ஐபி முகவரி ஒன்றுக்கு வருடக் கட்டணமும் கட்டினோம். படம் வந்தது. அப்பா தெருவில் நின்று கையை ஆட்டினார், நான் சென்னையில் பார்த்தேன், எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், மொபைல் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுத்து, எங்கள் வீட்டு முகவரியை நானே வெளியிலிருந்து ஸ்கேன் செய்து, எந்தெந்தப் போர்ட், அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட கதவு, திறந்திருக்கிறது என்று பார்த்தேன். போர்ட் 80 திறந்திருந்தது, கேமராப் படம் போகும் 554 திறந்திருந்தது, இரண்டும் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதாக 23 திறந்திருந்தது. டெல்நெட், தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் பழைய வழி. டிவிஆருக்குள் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாது, அதை ஊருக்கே திறந்து வைத்திருந்தோம் என்று தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. டிஎம்இசட் என்றால் "எந்தப் போர்ட்டைத் தேடி எவர் வந்தாலும் இந்தக் கருவியிடம் அனுப்பிவிடு" என்றுதான் அர்த்தம், அதில் தேர்வு என்பதே கிடையாது. 2016-இல் மிராய் என்ற புழு பரவியது இதே வழியில்தான்: டெல்நெட் திறந்திருக்கும் கேமரா, டிவிஆர், ரூட்டர்களைத் தேடிப்போய், தயாரித்த கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர் உட்படப் பெரிய பெரிய தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் திறக்காமல் போனதற்கு, இப்படி யார் யார் வீட்டிலோ சுவரில் தொங்கிய பெட்டிகள்தான் காரணம். எங்கள் வீட்டு டிவிஆரும் அப்படி ஒன்றாக ஆகியிருக்கலாம் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்குச் சாதாரணமாக இல்லை.

சரி, கம்பெனி கொடுத்த பெட்டியிலேயே சரிசெய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அதில் ஃபயர்வால், அதாவது எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் காவல், என்று ஒரு பக்கம் இருந்தது, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பொத்தான்கள். நடுத்தரம் என்றால் எது நிற்கும், எது போகும் என்று ஒரு வரி கிடையாது. அதிகம் என்று வைத்தால் கேமராவே வரவில்லை. அதைவிட எனக்குக் கவலை தந்தது ஐபி வி6, அதாவது பழைய ஐபி வி4-க்குப் பிறகு வந்த புது முகவரி முறை. நம் ஊரில் பெரிய கம்பெனிகள் பலவும் இப்போது ஐபி வி6 கொடுக்கின்றன, அதன் பயன்பாட்டில் உலகில் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐபி வி4-இல் வீட்டுக்கு ஒரு முகவரி, உள்ளே இருப்பதெல்லாம் நேட் என்ற திரைக்குப் பின்னால் இருக்கும், அதனால் யாரும் எதுவும் எழுதாவிட்டாலும் ஓரளவு மறைவு கிடைத்துவிடும். ஐபி வி6-இல் அந்தத் திரை இல்லை, அம்மாவின் போனுக்கும் டிவிக்கும் டிவிஆருக்கும் தனித்தனியாகப் பொது முகவரி. வெளியிலிருந்து வருவதை நிறுத்துவது ஃபயர்வால் ரூல் ஒன்றுதான். அந்த ரூல் இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பெட்டியில் என்னால் பார்க்கக்கூட முடியவில்லை. போன் செய்து கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள்.

அதனால் சி6. 2,500 ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கினேன். அதோடு வரும் மென்பொருள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், என் தேவைதான் வேறு. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், பெட்டியில் போட்டிருக்கும் மாடல் பெயர் மட்டும் போதாது, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வெர்ஷன் எண் இருக்கும், அதுதான் முக்கியம். ஒரே பெயரில் வேறு வேறு சிப்போடு விற்கிறார்கள். என்னுடையது வெர்ஷன் 3, மீடியாடெக் எம்டி7621 சிப், 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம், எல்லாப் போர்ட்டும் கிகாபிட். ஓபன் டபிள்யூஆர்டி தளத்தில் உங்கள் மாடலும் வெர்ஷனும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாரண்டியை மறந்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

இந்த ஓபன் டபிள்யூஆர்டி புதிதாக முளைத்தது இல்லை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரில் லினக்ஸ் ஓடுகிறது என்று தெரியவந்து, லைசென்ஸ்படி அதன் மூல நிரலை வெளியிட வேண்டியிருந்த இடத்தில் ஆரம்பித்த திட்டம், 2004-இலிருந்து நடக்கிறது. பெயரில் இருக்கும் டபிள்யூஆர்டி அங்கிருந்து வந்ததுதான். நடுவில் 2016-இல் ஒரு கூட்டம் பிரிந்து போய், 2018-இல் திரும்பச் சேர்ந்தார்கள். 2022-இல் வந்த 22.03 வெர்ஷனிலிருந்து ஃபயர்வால், லினக்ஸில் ரூல்களை இயக்கும் பழைய ஐபிடேபிள்ஸை விட்டுவிட்டு, புதிய என்எஃப்டேபிள்ஸுக்கு மாறியது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிமுறைகளில் பாதி இன்று அப்படியே ஓடாததற்கு அதுதான் காரணம், தேதி பார்த்துப் படியுங்கள்.

மென்பொருளை ஏற்றுவது பத்து நிமிட வேலை. நேரம் எடுத்தது கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டதுதான். அந்தப் பெட்டி வெறும் ஃபைபரை ஈத்தர்நெட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால்தான் பொது முகவரி நம் ரூட்டருக்கு வரும், இல்லாவிட்டால் நேட்டுக்குள் நேட் என்று சிக்கிக்கொள்ளும். பிபிபிஓஇ (கம்பெனி இணைப்புக்குள் நுழையும் முறை) யூசர் பெயர், பாஸ்வேர்டு, விஎல்ஏஎன் எண் (ஒரே ஒயரில் இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு நாலு போன், ஒரு நேர் வருகை ஆயிற்று.

இனி ஃபயர்வால். ரூட்டரை நிர்வகிக்கும் லூசி என்ற இணையப் பக்கத்தில் நெட்வொர்க் என்பதற்குக் கீழே இருக்கிறது. திறந்ததும் இரண்டு ஜோன் தெரியும், பச்சையில் லேன், சிவப்பில் வேன். லேன் வீடு, வேன் தெரு. போட்ட உடனேயே, நாம் ஒன்றும் தொடாத நிலையில், முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் சில ரூல்கள் விடுபவை தவிர, தெருவிலிருந்து புதிதாக வருவது எதுவும் உள்ளே போக முடியாது, ஐபி வி4-உம் சரி, ஐபி வி6-உம் சரி. நாம் உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதில் மட்டும் போகும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதை லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்கிறது. யுபிஎன்பி கிடையாது, வேண்டுமென்றால் நாம்தான் தனியாக நிறுவ வேண்டும். டிவியோ கேமராவோ நம்மைக் கேட்காமல் தானே ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளும் வேலை இங்கே நடக்காது. இந்த ஆரம்ப நிலைக்காகவே நான் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சாத்தியிருக்கும் வீட்டில் ஒன்றைத் திறப்பது நம் கையில் இருக்கிறது, எல்லாம் திறந்திருக்கும் வீட்டில் எதைச் சாத்தவில்லை என்று கண்டுபிடிப்பது நம் கையில் இல்லை.

ரூல் எழுத உட்காரும் முன்னால் ஒரு வித்தியாசம் புரிந்தாக வேண்டும், நான் முதல் வாரம் இதில்தான் தடுமாறினேன். இன்புட் என்பது ரூட்டரையே பார்க்க வருவது, ஃபார்வர்டு என்பது ரூட்டரைத் தாண்டி உள்ளே ஒரு கருவியைப் பார்க்கப் போவது. எங்கள் தஞ்சாவூர் வீட்டில் திண்ணை உண்டு. தபால்காரர் திண்ணையோடு கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அது இன்புட். ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குப் போகிறவர் வேறு, அது ஃபார்வர்டு. ரூட்டரிலேயே ஓடும் விபிஎன்னுக்கு (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் ரகசியப் பாதை) இன்புட் ரூல், உள்ளே இருக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிக்கு ஃபார்வர்டு ரூல். அந்தப் பக்கத்தில் ஜோனுக்கு நேராகவும் ஃபார்வர்டு என்று ஒரு பெட்டி இருக்கிறது, அது தெருவிலிருந்து வீட்டுக்குள் போவதைப் பற்றியது இல்லை, ஒரே ஜோனுக்குள் இருக்கும் இரண்டு இன்டர்ஃபேஸுக்கு (ரூட்டரின் இணைப்புகளுக்கு) நடுவில் நடப்பதைப் பற்றியது. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் குழம்புவார்கள், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

டிராஃபிக் ரூல்ஸ் என்ற பக்கத்தில் ஏற்கெனவே ஒன்பது ரூல் எழுதியிருக்கும். பார்த்ததும் "இதெல்லாம் ஏன் திறந்திருக்கிறது" என்று ஒருவருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, பெயரில் ஐசிஎம்பி வி6 (நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் அனுப்பும் கட்டுப்பாட்டுச் செய்தி) என்று வரும் இரண்டையும் அணைத்தேன். அரை மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஐபி வி6 மொத்தமாகப் போய்விட்டது. காரணம் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று: கம்பெனி பக்கத்து ரூட்டர் அவ்வப்போது "நான்தான் உன் வழி, இத்தனை நேரத்துக்கு இது செல்லும்" என்று அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும், அது ஐசிஎம்பி வி6 செய்தியாகத்தான் வரும், நாம் கேட்ட கேள்விக்கான பதிலாக அது கணக்கில் வராது. அதைத் தடுத்தால் பழைய அறிவிப்பின் காலம் முடியும்வரை ஓடும், முடிந்ததும் நின்றுவிடும். டிஎச்சிபி வி6-க்கு இருக்கும் 546 போர்ட் ரூலும் இதே மாதிரிதான், அதைத் தொட்டால் முகவரியே வராமல் போகலாம். ஐபி வி4-இல் பிங்கை அடைத்துவிட்டு நிம்மதியாக இருந்த பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. அவற்றை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நானே எழுதிய ரூல்களுக்கு வருகிறேன். முதல் காரியமாக டிஎம்இசட் போயிற்று. கேமராவுக்கு எந்தப் போர்ட்டும் திறக்கவில்லை, இனி திறக்கப் போவதும் இல்லை. அதற்குப் பதில் ரூட்டரிலேயே வயர்கார்ட் விபிஎன் போட்டு, அது பயன்படுத்தும் யுடிபி வகைப் போர்ட் 51820-க்கு ஒரே ஒரு இன்புட் ரூல். வயர்கார்ட் 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் ஒரு பதிலும் சொல்லாது. என் போனில் வயர்கார்டை ஆன் செய்தால் நான் தஞ்சாவூர் வீட்டுக்குள் இருப்பதுபோல், கேமரா ஆப் வீட்டு முகவரியிலேயே திறக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிப் பார்க்கவில்லை. வேன் பக்கத்து இன்புட் ஆரம்பத்தில் ரிஜெக்ட் என்று இருக்கும், அதாவது சாத்திய போர்ட்டைத் தட்டினால் "இங்கே ஒன்றும் இல்லை" என்று பதில் போகும். ட்ராப் என்று மாற்றினால் பதிலே போகாது. இரண்டில் எது நல்லது என்று நிறையச் சண்டை உண்டு, சாதாரணமாக ரிஜெக்ட்தான் முறையானது, பிரச்சினையைத் தேடுவதும் அதில் சுலபம். ஆனால் வயர்கார்ட் வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறுகிறது. மற்ற எல்லா யுடிபி போர்ட்டும் "இல்லை" என்று பதில் சொல்ல, 51820 மட்டும் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ட்ராப் வைத்தால் எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரி மௌனம். நான் ட்ராப் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள், குடும்பப் போட்டோக்களை ராஸ்பெரி பையில் ஒரு சிறிய தளமாக வைத்திருக்கிறோம். அவள் வீட்டில் ஐந்தாறு போன், எல்லாவற்றிலும் விபிஎன் போடச் சொல்ல முடியாது. அதனால் இணையதளத்துக்கான போர்ட் 443 மட்டும் திறந்தேன். ஐபி வி4-க்குப் போர்ட் ஃபார்வர்ட்ஸ் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அதைத் திறக்கத் தனி ரூல் தேவையில்லை, தானே கவனித்துக்கொள்கிறது. ஐபி வி6-க்குப் போர்ட் ஃபார்வர்டு தேவையில்லை, டிராஃபிக் ரூல்ஸில் வேனிலிருந்து லேனுக்கு ஒரு ஃபார்வர்டு ரூல் எழுத வேண்டும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. பிபிபிஓஇ அறுந்து சேரும்போதெல்லாம் எங்களுக்கு வரும் ஐபி வி6 முகவரியின் முன்பாதி மாறிவிடுகிறது, முழு முகவரியையும் ரூலில் எழுதி வைத்தால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு அது உதவாது. ஓபன் டபிள்யூஆர்டியில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: ராஸ்பெரி பைக்கு டிஎச்சிபி பக்கத்தில் மாறாத பின்பாதி ஒன்றைக் கொடுத்துவிட்டு, ரூலில் அந்தப் பின்பாதியை எழுதி, ஸ்லாஷ் மைனஸ் 64 என்று முடித்தால், முன்பாதி என்னவாக இருந்தாலும் கவலைப்படாமல் கடைசி 64 பிட்டை மட்டும் ஒப்பிடும். இந்த ஒரு வசதியைப் பார்த்த அன்றைக்கு, இதைச் செய்தவர்கள் நம்மைப்போல் வீட்டில் இணைப்பு வைத்து அல்லாடியவர்கள் என்று தெரிந்தது, மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஒரு நாள் சென்னையிலிருந்து, அதே வயர்கார்ட் வழியாக உள்ளே போய், அந்த இன்டர்ஃபேஸை லேன் ஜோனிலிருந்து எடுத்துத் தனி ஜோனாக்கினேன். புது ஜோனுக்கு இன்புட்டை ரிஜெக்ட் என்று விட்டிருந்தேன். அப்ளை அழுத்தியதும் பக்கம் உறைந்தது. நான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியாயிற்று, ரூட்டர் 300 கிலோமீட்டருக்கு அப்பால், அப்பாவைக் கூப்பிட்டு எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இணைப்பு திரும்பி வந்தது. மாற்றிய பிறகு பிரவுசரால் ரூட்டரைத் தொட முடியவில்லை என்றால் 90 விநாடியில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்படி லூசியில் வைத்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து ரூட்டர் பார்ப்பவர்களுக்கு இந்த 90 விநாடி ஒன்றே போதும் இதைத் தேர்ந்தெடுக்க.

எழுதியது வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி? ஸ்டேட்டஸ் பக்கத்துக்குக் கீழே ஃபயர்வால் என்று இருக்கிறது, ஒவ்வொரு ரூலுக்கு நேராகவும் எத்தனை பாக்கெட் பட்டது என்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே, வேன் ஜோனில் லாக்கிங்கை ஆன் செய்தால் தடுத்த ஒவ்வொன்றும் ஒரு வரியாக விழும்: எங்கிருந்து வந்தது, எந்தப் போர்ட்டைத் தேடியது. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை ஓடவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து விநாடிக்கு ஒன்று, சில நேரம் மூன்று நாலு சேர்ந்தாற்போல். 23, மறுபடியும் 23, 22, 445, 3389, 8080, ஆண்ட்ராய்டு பெட்டிகளைத் தேடும் 5555, 23, 2323, 7547. அந்த 7547 கம்பெனிகள் தூரத்திலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் போர்ட், 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு தடுமாறியது அதைக் குறிவைத்து வந்த தாக்குதலால்தான், இத்தனை வருடம் ஆகியும் இன்னும் தட்டிப் பார்க்கிறார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் நம்ம வீட்டுக் கதவையாடா தட்டறாங்க?" என்றார். நம் வீடு என்று தெரிந்து யாரும் வரவில்லை, எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னேன். "அப்ப முன்னாடி திறந்திருந்துச்சே, அப்ப யார் வந்தாங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பழைய பெட்டி எதையும் எழுதி வைக்கவில்லை. மறுநாளே டிவிஆரை முழுதாக ரீசெட் செய்து, புதுப் பாஸ்வேர்டு போட்டு, புது ஃபர்ம்வேர் ஏற்றினேன்.

லாக் ராமில்தான் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், கரண்ட் போனால் போயிற்று. வேண்டுமென்றால் வேறொரு கணினிக்கு அனுப்பி வைக்கலாம், நான் ராஸ்பெரி பைக்கு அனுப்புகிறேன்.

சோதனை செய்யும்போது வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். உள்ளிருந்து வெளி முகவரியைத் திறந்தாலும் ரூட்டர் திருப்பி உள்ளேயே அனுப்பிக் காட்டிவிடும், வெளியிலிருந்தும் திறக்கிறது என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள், ஐபி வி4-க்கு ஒரு முறை, ஐபி வி6-க்குத் தனியாக ஒரு முறை. பலரும் இரண்டாவதைச் செய்வதே இல்லை.

எவ்வளவு எழுதியும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால் ரூலில் தேடி நேரத்தை வீணாக்கும் முன் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குப் பொது ஐபி வி4 கிடையாது, கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, நம் ரூட்டர் வரை எதுவும் வந்து சேரவே சேராது. எந்த ரூட்டர் வாங்கினாலும் இது மாறாது. பணம் கட்டி மாறாத ஐபி வாங்கலாம், அல்லது ஐபி வி6 இருந்தால் அதன் வழியே வரலாம். மொபைல் டேட்டாவிலும் ஐபி வி6 கிடைக்கும் ஊர் இது என்பதால் வயர்கார்டுக்கு அதுவே போதும், மாறும் முகவரிக்கு ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயர் வைத்துக்கொண்டால் சரி. நான் கடந்த இரண்டு மாதமாக ஐபி வி6 வழியாக மட்டும் கேமரா பார்த்து வருகிறேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை. அக்காவின் போட்டோ தளத்துக்கு ஐபி வி4 தேவைப்படுவதால் மாறாத ஐபியை இன்னும் விடவில்லை.

குறை என்று பார்த்தால் முதலில் நேரம். ஒரு சனி, ஞாயிறு முழுதாக ஒதுக்க வேண்டும், ஆங்கிலத்தில் இருக்கும் விளக்கப் பக்கங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். போட்டதும் வைஃபை அணைந்தே இருக்கும், கேபிள் வைத்துத்தான் முதலில் உள்ளே போக முடியும், முதல் முறை பாஸ்வேர்டும் இருக்காது, உடனே வைத்துவிடுங்கள். புது வெர்ஷன் வந்தால் நாம்தான் பார்த்து ஏற்ற வேண்டும், அதைச் செய்யாதவர் இதைப் போட்டும் பயன் இல்லை. ஏற்றும் முன் பேக்கப் கோப்பைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள், ரூல்கள் எல்லாம் அதில் வந்துவிடும். வேகத்தைப் பொறுத்தவரை எங்கள் 200 எம்பிபிஎஸ் இணைப்பைச் சிரமமில்லாமல் தாங்குகிறது, கிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் பெரிய சிப் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. ஓபன் டபிள்யூஆர்டி ஒன் என்று அந்தத் திட்டத்தினரே 2024 கடைசியில் ஒரு ரூட்டர் கொண்டுவந்தார்கள், 1 ஜிபி ராமோடு, கெட்டுப்போனால் ஒரு சுவிட்சைத் தள்ளி மீட்டுக்கொள்ளும்படி. கிடைத்தால் நான் அதைத்தான் அடுத்து வாங்குவேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், இந்த ஒரு வேலைக்கு நாலரை. கேமராவும் இல்லை, வெளியிலிருந்து வீட்டுக்கு எதையும் கொண்டுவரும் தேவையும் இல்லை என்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம், இருக்கும் பெட்டியில் யுபிஎன்பியை அணைத்து, டிஎம்இசட் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, ஐபி வி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று மொபைல் டேட்டாவிலிருந்து ஒரு முறை சோதித்துவிட்டால் போதும். கேமரா மாட்டியவர்கள், யாரையாவது விட்டு டிஎம்இசட் போட்டவர்கள், இன்றைக்கே வெளியிலிருந்து ஸ்கேன் செய்து பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இப்போதைக்கு நான் எழுதிய ரூல் மூன்றுதான்: 51820 ஒன்று, 443 இரண்டு. அந்த மூன்றையும், எந்தத் தேதியில் எதற்காகத் திறந்தேன் என்பதையும், பிபிபிஓஇ யூசர் பெயரையும், விஎல்ஏஎன் எண்ணையும், இரண்டு பெட்டியில் எதன் பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் இடி இடித்து இணைப்பு போனபோது அப்பா எனக்குப் போன் செய்யாமலேயே அட்டையைப் பார்த்துச் சரிசெய்துவிட்டார்.